வீட்டுக்கு ஓர் ஆமை

தாழைமங்கலத்தில் ஐப்பசி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், ‘ஊர்ச்செய்தி’ பத்திரிகை வாங்குகிற மூவாயிரத்து இருநூறு வீடுகளுக்கும் பேப்பரோடு கூடவே வீட்டுக்கொரு ஆமையும் வந்து சேர்ந்தது. பேப்பரைப் பிரித்தவர்கள், மூன்றாம் பக்கத்தில் கேலிச்சித்திரம் வருகிற இடத்தில் கட்டமும் வசனமும் ‘பக்கிரி’ என்ற கையெழுத்தும் அப்படியே இருக்க, நடுவில் ஆமை இருக்க வேண்டிய இடம் மட்டும் வெள்ளையாகக் கிடப்பதைப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே காலடியில் ஏதோ குளிர்ச்சியாகத் தட்டுப்பட்டது. குனிந்தால் அங்கே உள்ளங்கை அகலத்தில், அச்சில் வரும் அதே அளவில், ஓர் ஆமை நடந்துகொண்டிருந்தது. ஓட்டின் மேல் ‘மேம்பாலம்’ என்று எழுதியிருந்தது. கேலிச்சித்திரம் போடும் பக்கிரிசாமியின் கைதான் அது, சந்தேகமில்லை. தாராளமாக எழுத ஆரம்பித்துவிட்டுக் கடைசியில் இடம் போதாமல் ‘லம்’ என்பதை ஓரத்தில் நெருக்கித் தள்ளுவது அவர் வழக்கம் என்று ஊருக்கே தெரியும்.

இந்த இடத்தில் மேம்பாலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊர் முழுக்க ரயில் பாதைக்குக் கிழக்கே இருக்கிறது; ஆஸ்பத்திரியும் கல்லூரியும் பத்திரிகை முதலாளி சபாநாயகத்தின் பழைய அரிசி ஆலையும் மேற்கே. நடுவில் ரயில்வே கேட். ஒரு நாளைக்கு இருபத்தாறு தடவை மூடுகிற அந்தக் கேட்டடியில் வேர்க்கடலை விற்றுப் பிள்ளைகளைக் கரையேற்றியவர்கள் உண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஆட்டோவிலேயே பிறந்து ‘கேட்டு ராணி’ என்று பேர் வாங்கிய பெண் உண்டு, ஆஸ்பத்திரி போய்ச் சேராமலே போனவர்களும் உண்டு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பாலம் கட்ட ஆரம்பித்தார்கள். கிழக்கே சாய்வு வந்தது, தண்டவாளத்துக்கு மேலே நடுப்பகுதி வந்தது, அதற்கப்புறம் மேற்கே கால் வைக்காமல் அந்தரத்தில் நின்றுவிட்டது. மேற்குக் கால் எங்கே இறங்கும் என்று காட்டிய வரைபடப் பலகையைப் புயல் கொண்டுபோய்விட்டது. பணம் வரவில்லை என்றார்கள், மண் சரியில்லை என்றார்கள், எல்லையம்மன் கிடா கேட்கிறாள் என்று அதையும் வெட்டிப் பார்த்தார்கள். பிறகு பாலத்தின் மேல் மிளகாய் காயப்போட ஆரம்பித்தார்கள், சாயங்காலத்தில் காற்று வாங்கப் போய் விளிம்பு வரை நடந்து திரும்பி வந்தார்கள்.

இந்த ஒன்பது வருஷமும் பக்கிரிசாமி மாதம் தவறாமல் வரைந்தது ஆமையைத்தான். ஊரில் தண்ணீர் வராவிட்டால் கொட்டாவி விடும் குழாய் போடுவார், விலை ஏறினால் ராக்கெட்டில் போகும் வெங்காயம் போடுவார், பாலம் என்றால் மட்டும் ஆமை. சில சமயம் ஆமைக்குத் தாடி முளைத்திருக்கும், சில சமயம் அது கைத்தடி ஊன்றி வரும், ஒரு தடவை அதற்கு அறுபதாம் கல்யாணம்கூட நடந்தது. டீக்கடையில் சிரித்தார்கள், கலெக்டர் ஆபீசில் சிரித்தார்கள், நெடுஞ்சாலைத் துறை இன்ஜினியரே ஒரு படத்தைக் கத்தரித்துக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். எல்லாருக்கும் பிடித்த படம் என்று பக்கிரிசாமிக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது.

ஆனால் படத்தில் இருக்கும் ஆமை வேறு, வீட்டுக்குள் வரும் ஆமை வேறு. ஆமை புகுந்த வீடும் அமீனா நுழைந்த வீடும் உருப்படாது என்பதைத் தாழைமங்கலத்தில் பால்குடி மறக்காத குழந்தைகூடச் சொல்லும். காலை ஏழு மணிக்குள் ஊர் ரெண்டுபட்டது. முறத்தில் எடுத்துத் தெருவில் விட்டவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் அது வாசற்படி ஏறி வந்தது. குளத்தில் விட்டவர்கள் வீட்டுக்கு வந்து பார்த்தால் ஈரம் சொட்ட அடுப்படியில் நின்றது. ஓசியில் பேப்பர் படிக்கிறவர்கள் முதல் தடவையாக நிம்மதியாக இருந்தார்கள். டீக்கடையில் ஒரு பேப்பரை நாற்பது பேர் படிப்பதால் தோஷம் வாங்கியவனுக்கா, படித்தவனுக்கா என்று வாதம் நடந்தது. கடைசியில் எல்லாருமாகச் சேர்ந்து பக்கிரிசாமி வீட்டுக்கு வந்தார்கள்.

பக்கிரிசாமிக்கு நாற்பத்தெட்டு வயது, ஒல்லியான ஆள், காதில் எப்போதும் பென்சில். வாசலில் கூடிய கூட்டத்துக்கு முன்னால் கைகட்டி நின்றார். அவர் வீட்டு ஆமையும் பக்கத்தில் நின்றது.

“நீங்க வரைஞ்சுட்டீங்க, நாங்க அனுபவிக்கணுமா?” என்றார் மளிகைக்கடை வைத்தியலிங்கம். “வேற மிருகமே கெடைக்கலையா உங்களுக்கு? ஒரு நத்தையப் போட்டிருக்கக் கூடாதா?”

“மன்னிச்சுக்குங்க. இப்பிடி வரும்னு நெனைக்கலை” என்றார் பக்கிரிசாமி. வேறு என்ன சொல்ல முடியும்.

பரிகாரம் தேடினார்கள். சிவன் கோயில் குருக்கள், பெருமாளே எடுத்த அவதாரமாச்சே, பயப்பட என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டு ஆமையை மட்டும் ஒரு கூடையில் போட்டு மூடி வைத்தார். கேட்டடியில் அவித்த கடலை விற்கும் ஜொகரா பீவிதான் வழி சொன்னாள். கேட் மூடும் நேரமெல்லாம் ஊர் அவள் முன்னால்தான் நின்றாக வேண்டும் என்பதால் அவள் பேச்சுக்கு ஊரில் மதிப்பு உண்டு. “கெட்டது ஒண்ணுதானே வூட்டுக்குள்ள வந்திருக்கு? இன்னொண்ணையும் கூப்பிடுங்க. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதிக்கிட்டு வெளிய போயிரும். முள்ள முள்ளாலதானே எடுக்கணும்?”

இன்னொன்று என்றால் அமீனா. கோர்ட் அமீனா மகாலிங்கம் முப்பது வருஷமாகச் சம்மன் கொடுத்தும் ஜப்தி நோட்டீஸ் ஒட்டியும் காலம் தள்ளிய மனிதர். நல்லவர், சத்தம் போட்டுப் பேசாதவர், ஆனால் பழமொழியில் பேர் அடிபட்டுவிட்டதால் ஊரில் ஒரு வீட்டுக்குள்ளும் அவர் கால் வைத்ததில்லை. கல்யாணப் பத்திரிகையைக்கூட அவரைத் தெருவில் நிறுத்தித்தான் கொடுப்பார்கள். அப்படிப்பட்டவரை இப்போது வீட்டுக்கு வீடு வாங்க வாங்க என்று கூப்பிட்டார்கள். முதல் நாள் அவர் நம்பவில்லை. இரண்டாம் நாள் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, வாசலில் செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார், நாற்காலி நுனியில் உட்கார்ந்தார், காபி குடித்தார், தம்ளரைத் தானே கழுவி வைக்கப் போனவரைத் தடுக்க வேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு ஆறு வீடு, ஏழு வீடு என்று போனார். மூன்றாவது வாரம் அவர் கொஞ்சம் சதை போட்டிருப்பதாக ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ஆமைகள் போகவில்லை. ஆனால் வீடுகளும் கெட்டுப்போகவில்லை. நின்றிருந்த கல்யாணம் ஒன்றிரண்டு கூடிவந்தது, வைத்தியலிங்கத்துக்கு வயிற்று வலி விட்டது, மற்றபடி எல்லாம் எப்போதும் போலத்தான். கார்த்திகை பிறப்பதற்குள் ஊர் ஆமைகளோடு பழகிவிட்டது. காலையில் கோலம் போட்டதும் ஆமைக்கு ஒரு பிடி அகத்திக்கீரை. வெள்ளிக்கிழமை தலைக்கு ஊற்றும்போது அதற்கும் ரெண்டு சொம்பு. எத்தனை தேய்த்தாலும் ஓட்டின் மேலிருந்த எழுத்து போகவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டில் ஆமை இருக்கிறதா என்று கேட்டார்கள், இல்லையென்றால் பேப்பர்கூட வாங்க வக்கில்லாத வீடா என்று யோசித்தார்கள். எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் ஆமைகள் மெல்லச் சுற்றி மேற்கே பார்த்து நின்றன. ஜொகரா பீவி தன் வீட்டு ஆமைக்கு மார்க்கப்பற்று அதிகம் என்று பெருமைப்பட்டாள். தொழுகைக்குத் திசை கேட்கிற விருந்தாளிகளுக்கு அதைத்தான் காட்டினாள்.

ஊரில் ஆமை வராத பேப்பர் வீடு ஒன்றே ஒன்றுதான். அது முதலாளி சபாநாயகத்தின் வீடு. அச்சு சூடு ஆறாமல் முதல் பிரதி அவருக்குத்தான் போகும், ஆனாலும் வரவில்லை. முதல் வாரம் எல்லாரும் புண்ணியவான் என்றார்கள். அவரும் மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு ஊரே ஆமைப் பேச்சாகிவிட, கோயிலுக்குப் போனால் எங்க வீட்டு ஆமை, வங்கிக்குப் போனால் எங்க வீட்டு ஆமை என்று கேட்டுக் கேட்டு எழுபத்திரண்டு வயதில் மனிதருக்கு முகம் வாடிவிட்டது. ஒரு நாள் பக்கிரிசாமியைக் கூப்பிட்டு, “ஒன் வீட்டு ஆமைய ரெண்டு நாள் கொடேன், பேத்தி பாக்கணுங்கிறா” என்றார். பேத்தி அமெரிக்காவில் இருக்கிறாள் என்பது பக்கிரிசாமிக்குத் தெரியும். கொண்டுபோய்க் கொடுத்தார். மறுநாள் காலை அது பக்கிரிசாமி வீட்டு அடுப்படியில் வந்து நின்றது.

அந்த வாரம்தான் அமீனா பக்கிரிசாமி வீட்டுக்கு வந்தார். பக்கிரிசாமியின் மனைவி தையல்நாயகிதான் கூப்பிட்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சத்துணவுக் கூடத்தில் அவளுக்கு வேலை. ஒன்பது வருஷமாகத் தினம் இரண்டு தடவை கேட்டடியில் நின்று கால் வீங்கியவள். காபியைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். மற்ற வீடுகளில் எல்லாரும் ஆமையைப் பற்றிக் கேட்டார்கள். அவள் பாலத்தைப் பற்றிக் கேட்டாள்.

“ஏண்ணே, கோர்ட்டு கச்சேரின்னு எல்லா எடத்துக்கும் போறவங்க நீங்க. இந்தப் பாலம் ஏன் நிக்குதுன்னு ஒங்களுக்காவது தெரியுமா?”

மகாலிங்கம் தம்ளரைக் கீழே வைத்தார். “தெரியுமே. தடை உத்தரவு இருக்குல்ல. ஒம்போது வருஷத்துக்கு முந்தி நான்தானே கொண்டுபோய் நெடுஞ்சாலை ஆபீஸ்ல கொடுத்தேன். மேக்கால கால் எறங்குற எடம் அரிசி ஆலைக் களம். செங்கமலத்தம்மா பேர்ல வழக்கு.”

செங்கமலத்தம்மாள் என்றால் சபாநாயகத்தின் தாயார். இறந்து நாலு வருஷம் ஆகிறது.

ஓரமாக உட்கார்ந்திருந்த பக்கிரிசாமி காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கீழே வைத்தார். தையல்நாயகிதான் கேட்டாள், “இத ஏண்ணே ஊர்ல யாருகிட்டயும் சொல்லலை?”

“டீக்கடையில நின்னுக்கிட்டுச் சொல்ற சங்கதியாம்மா இது? உக்கார வெச்சுக் கேட்டாத்தானே சொல்ல முடியும்” என்றார் மகாலிங்கம், குறை சொல்கிற மாதிரி இல்லாமல், சாதாரணமாக. “முப்பது வருஷத்துல என்னை யாரு உக்கார வெச்சாங்க?”

அவர் போன பிறகு பக்கிரிசாமி ஆமையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அது மேற்கே பார்த்து நின்றது. அந்தத் திசையில் தண்டவாளம், அதைத் தாண்டினால் ஆலையின் மதில். அவருக்கு வெட்கமாக இருந்தது. ஒன்பது வருஷமாக ஊரையே சிரிக்க வைத்த தன் ஆமை ஒருத்தரையும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. தாமதம் என்று ஒன்றை வரைந்தாரே தவிர, தாமதம் யாருடையது என்று வரையவில்லை. அதனால்தான் இன்ஜினியர் அதைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார், அதனால்தான் முதலாளியும் ஒவ்வொரு தடவையும் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு ‘சரி’ போட்டார்.

“ஆமை என்னங்க பாவம் பண்ணிச்சு?” என்றாள் தையல்நாயகி. “மெதுவாப் போனாலும் அது போவுது. பாலம் போவுதா? அது தலையில இத எழுதி வெச்சீங்களே.”

“என்னை என்ன செய்யச் சொல்றே?”

“நான் ஒண்ணும் சொல்லலை. ஒங்க கை, ஒங்க பேனா.”

செய்ய வேண்டியது என்ன என்று அவருக்குத் தெரியும். அதுதான் பயமாக இருந்தது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், தேர்தல் சமயத்தில் சுவரில் வரைந்த ஒரு படத்துக்காக ஒரு கவுன்சிலரின் ஆட்கள் பக்கிரிசாமியின் வலது கையை உடைக்கத் தேடியபோது, வா என்று கூப்பிட்டுப் பத்திரிகை ஆபீஸ் மாடியில் ஒளித்து வைத்துச் சோறு போட்டு, பிறகு மேஜையும் நாற்காலியும் போட்டுக் கொடுத்தவர் சபாநாயகம். இந்தக் கை இருப்பதே அவரால். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்தவன் என்ற பேரோடு இந்த வயதில் எந்த வாசலில் போய் வேலை கேட்பது? கேட்டாலும் அந்தக் கை அதற்கப்புறம் வரையுமா? வரையாமல் விட்டால் மட்டும் வரையுமா? மூன்று நாள் இப்படியே உழன்றார். மூன்று நாளும் வேறு எதையோ வரைந்து கொடுத்தார், அவை எதிலும் உயிர் இல்லை என்று அவருக்கே தெரிந்தது.

நாலாம் நாள் உட்கார்ந்து வரைந்தார். ஒரு மதில். மேலே கண்ணாடிச் சில்லு பதித்த, ஓரிடத்தில் காரை பெயர்ந்து ஆலமரக் கன்று முளைத்த, ஊரில் யார் பார்த்தாலும் கண்டுகொள்ளக்கூடிய ஆலை மதில். அதன் அடியில் ஓர் ஆமை, மூக்கை மதிலில் முட்டிக்கொண்டு பொறுமையாக நிற்கிறது. பின்னால் பாலம், பாலத்தின் மேல், தினமும் கேட்டடியில் காத்து நிற்கிற அதே ஊர்ச்சனம். வசனம் இல்லை.

தினமும் மாலை நாலு மணிக்குப் படத்தை முதலாளி அறைக்குக் கொண்டுபோக வேண்டும், அவர் ஓரத்தில் ‘சரி’ என்று எழுதினால்தான் அச்சுக்குப் போகும். அன்று பக்கிரிசாமி படத்தை மேஜை மேல் வைத்துவிட்டு உட்காராமல் நின்றார். சபாநாயகம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிரிப்பதற்குத் தயாராகப் பார்த்தார். சிரிக்கவில்லை.

“யாரு சொன்னா?”

“அமீனா சொன்னாருங்கய்யா. நான் கேட்டேன், சொன்னாரு.”

“ம்.”

“ஒங்க சோத்தத் தின்னவன் நான். இந்தக் கை ஒங்களோடது. வேண்டாம்னா கிழிச்சுப் போட்டுருங்க, நான் நாளைலேர்ந்து வரலை. ஆனா இனிமே ஆமையத் தனியா வரைய என்னால ஆவாதுங்கய்யா.”

சபாநாயகம் படத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் பேசினார். “அந்தக் களத்துலதான் எங்கம்மா நெல்லு காய வெச்சு, காக்கா ஓட்டி, ஆலையக் கட்டுனாங்க. ‘நான் கண்ண மூடுற வரைக்கும் கொடுக்காதே’ன்னு அழுதாங்க. சரின்னு வழக்குப் போட்டேன். அவங்க போயிட்டாங்க. அப்பவே வழக்க வாபஸ் எடுத்திருக்கலாம். எடுத்தா, அப்ப இத்தன வருஷம் நீதானான்னு ஊரு கேக்கும். நீ வேற மாசாமாசம் ஆமையக் கொண்டாந்து காட்டுவே. சிரிச்சு வெச்சேன்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “ஊருல எல்லார் வீட்டுக்கும் வந்துச்சு. என் வீட்டுக்கு ஏன் வரலைன்னு எனக்குத் தெரியும் பக்கிரி. பாலம் எப்ப வரும்னு காத்துக்கிட்டிருந்த வீட்டுக்குத்தானே அது வந்துச்சு.”

சபாநாயகம் படத்தைத் தூரத்தில் பிடித்து, கிட்டே கொண்டுவந்து, மறுபடி தூரத்தில் பிடித்துப் பார்த்தார். முப்பது வருஷம் பத்திரிகை நடத்திய மனிதர்.

“இது சரியா இல்லை” என்றார்.

பக்கிரிசாமி படத்தை எடுக்கக் கை நீட்டினார்.

“மதில் ஒசரம் பத்தாதுப்பா. நெசத்துல இன்னும் ரெண்டடி இருக்கும். எனக்காகக் கொறைச்சுப் போட்டியா? ஏத்திப் போடு.”

பக்கிரிசாமி அவர் எதிரிலேயே உட்கார்ந்து மதிலை இரண்டடி உயர்த்தினார். ஓரத்தில் சபாநாயகம் ‘சரி’ என்று எழுதினார்.

மறுநாள் காலை பேப்பரில் ஆமை அச்சிட்ட இடத்திலேயே இருந்தது, எங்கும் இறங்கிப் போகவில்லை. ஊர் அன்று சிரிக்கவில்லை. கேட்டடியில் நின்றவர்கள் பேப்பரைப் பார்த்தார்கள், தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் மதிலைப் பார்த்தார்கள். வைத்தியலிங்கம் உட்பட நாலைந்து பேர் வரிந்து கட்டிக்கொண்டு முதலாளி வீட்டுக்குச் சண்டைக்குப் போனார்கள். போனால் அவர் வழக்கை வாபஸ் வாங்கும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தாழ்வாரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, அன்று விடிகாலையில் தானாக வந்து சேர்ந்திருந்த உள்ளங்கை அகல ஆமை ஒன்றுக்கு அகத்திக்கீரை ஊட்டிக்கொண்டிருந்தார். வந்தவர்களிடம், “ரொம்பத் தாமசம் பண்ணிட்டேன், மன்னிச்சுக்குங்க” என்றார். ஒன்பது வருஷக் கோபம் அவ்வளவு சுலபமாக ஆறிவிடாது. கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார்கள், அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு வைத்தியலிங்கம், கீரையைக் காம்போடு கொடுத்தால் அது தின்னாது என்று சொல்லி ஆய்ந்து காட்டினார்.

மதிலை இடித்தார்கள். அரசாங்க வேலை அரசாங்க வேலைதான், அதற்கப்புறமும் பதினாலு மாதம் ஆயிற்று. திறப்பு விழா அன்று காலை அமைச்சர் ரிப்பன் வெட்டியதும் கார்கள் புறப்படப் பார்த்தபோது, ஊரின் எல்லா வீடுகளிலிருந்தும் ஆமைகள் இறங்கி வந்து, கிழக்குச் சாய்வில் ஏறி, பாலத்தை அடைத்துக்கொண்டு மேற்கே நடந்தன. முந்தவும் முடியாது, ஒதுக்கவும் முடியாது. அவற்றின் பின்னால் அமைச்சரின் கார் நின்றது, ஆம்புலன்ஸ் காலியாகத்தான் இருந்தது, அதுவும் நின்றது, பஸ் நின்றது, ஊரே நின்றது. காலை ஒன்பதுக்கு ஏறியவை மேற்கே இறங்கி வயல் வரப்புகளில் மறைய மதியம் ஒன்றரை ஆயிற்று. நாலரை மணி நேரமும் யாரும் ஹாரன் அடிக்கவில்லை. ஜொகரா பீவி கடலையைச் சும்மாவே கொடுத்தாள். அமீனா மகாலிங்கத்தை யாரோ தங்கள் காருக்குள் உட்கார வைத்திருந்தார்கள்.

தையல்நாயகி தன் வீட்டு ஆமை போன திசையைப் பார்த்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கிரிசாமியும் சபாநாயகமும் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். கீழே ஒரு ரயில் போயிற்று.

“நாளைக்கு என்னப்பா படம்?” என்றார் சபாநாயகம்.

“மேல்நிலைத் தண்ணித் தொட்டிங்கய்யா. கட்டி அஞ்சு வருஷமாவுது, தண்ணி ஏத்தலை. கொட்டாவி விடுற குழாயப் போடலாம்னு நெனைச்சேன்.”

“ஏன் ஏத்தலையாம்?”

“தெரியலைங்கய்யா.”

“அமீனாவ வீட்டுக்குக் கூப்புட்டு ஒரு காபி கொடு” என்றார் சபாநாயகம். “கேட்டுக்கிட்டு அப்புறம் வரை.”